டிஎன்ஏ டெஸ்ட் கிட் ரிவ்யூ: சொந்தத்துல பொண்ணு எடுத்த குடும்பம்னா இதைப் படிச்சுட்டு வாங்குங்க

வீட்டுலயே எச்சி எடுத்து தபால்ல அனுப்பற டிஎன்ஏ டெஸ்ட் கிட் வாங்கலாமா வேண்டாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, தேங்க்ஸ்கிவிங் சேல் வந்துட்டா ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல இதே பேச்சுதான். நான் வாங்கி, ரிசல்ட் வந்து, அதனால ஊர்ல எங்க வீட்டுல பெரிய களேபரமே நடந்து அடங்கின பிறகு இதை எழுதறேன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

கம்பெனி பேர் சொல்லப்போறதில்லை. பெரிய கம்பெனிங்க மூணு நாலு இருக்கு, அதுல ஒண்ணு. நான் சொல்ற குறை எல்லாத்துக்கும் பொதுவானது, பேரைச் சொன்னா இதை விட்டுட்டு அடுத்ததை வாங்குவீங்க, அங்கயும் இதேதான் நடக்கும்.

முதல்ல கிட். சின்ன அட்டைப்பெட்டி, உள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய், மூடியில நீலக் கலர்ல ஒரு திரவம், திருப்பி அனுப்ப தபால் செலவு கட்டின டப்பா. எச்சி துப்பறதுக்கு அரைமணி நேரம் முன்னாடியே சாப்பாடு, காபி, சிகரெட், சூயிங் கம் எல்லாத்தையும் நிறுத்திடணும். குழாய்ல கோடு போட்டிருக்கற அளவு வரைக்கும் நிரப்பணும், நுரை கணக்குல வராது, அதுதான் கொஞ்சம் பாடு. வயசானவங்களுக்கு எச்சி ஊறாது, வெளிப்பக்கமா கன்னத்தை மெதுவா தேச்சு விட்டா ஊறும். மூடியை இறுக்கினா அந்த நீலத் திரவம் உள்ள இறங்கும், சாம்பிள் கெடாம இருக்க அது, நல்லா குலுக்கி அனுப்பிட வேண்டியதுதான். (மைஹெரிடேஜ், ஃபேமிலிட்ரீ டிஎன்ஏங்கற கம்பெனிங்க ரெண்டுலயும் எச்சி கிடையாது, கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சுக்குச்சியால தேய்க்கறது. வயசானவங்களுக்கு அது சுலபம்.) அனுப்பறதுக்கு முன்னாடி பெட்டியில இருக்கற கோட் நம்பரை ஆன்லைன்ல பதிவு பண்ணிடுங்க, பண்ணலைன்னா அது யாரோட எச்சின்னே அவங்களுக்குத் தெரியாது. ரிசல்ட் வர ஆறுலேர்ந்து எட்டு வாரம். இது முழு ஜீனோமையும், அதாவது உங்க மொத்த டிஎன்ஏவையும், படிக்கற டெஸ்ட் இல்லை, சுமாரா 7 லட்சம் இடத்துல மட்டும் எழுத்தைப் பாக்கற சிப்பு, நமக்கு வேண்டிய வேலைக்கு அது போதும்.

நீங்க எந்த நாட்டுக்காரர்னு கலர் கலரா ஒரு மேப் வரும். நமக்கு அது தண்டம். தென்னிந்தியா, இலங்கைன்னு ஒரு பெரிய வட்டம் போட்டு விட்டுடுவாங்க. அதைத் தெரிஞ்சுக்க காசு குடுக்க வேண்டாம்.

காசு குடுக்கறது அடுத்த பக்கத்துக்கு. உங்க டிஎன்ஏவோட ஒத்துப்போறவங்க லிஸ்ட். அந்தக் கம்பெனியில டெஸ்ட் பண்ணின எல்லாரோடயும் உங்களை ஒப்பிட்டு, யார்கூட எவ்வளவு பங்கு இருக்குன்னு சென்டிமார்கன் (டிஎன்ஏ பங்கை அளக்கற அலகு) கணக்குல ஒரு நம்பர் போடுவாங்க. நம்பர் பெருசா இருந்தா பக்கத்து சொந்தம். அப்பா அம்மாவோட 3,500க்குப் பக்கம், கூடப் பொறந்தவங்களோட 2,600, அப்பா ஒருத்தர் அம்மா வேறன்னா 1,760, பெரியப்பா மாமா அத்தை பிள்ளைங்களோட 870, தாத்தா பாட்டியோட கூடப் பொறந்தவங்களோட பேரப்பிள்ளைங்களோட 230. எல்லாம் சராசரிதான், மேலயும் கீழயும் நல்லாவே ஆடும். ஷேர்டு சென்டிமார்கன் ப்ராஜெக்ட்னு ஒரு அட்டவணை இருக்கு, டிஎன்ஏ பெயின்டர் சைட்ல இலவசமா பாக்கலாம், கிட் வாங்கறதுக்கு முன்னாடியே அதை ஒரு தடவை பாத்து வெச்சுக்கங்க.

இந்த லிஸ்ட்தான் குடும்ப ரகசியம் எல்லாம் வெளிய வர்ற வழி. 2019ல பியூ ரிசர்ச்ங்கற ஆய்வு நிறுவனம் அமெரிக்காவுல எடுத்த சர்வேல 15 சதவீதம் பேர் இந்த மாதிரி டெஸ்ட் பண்ணியிருக்காங்க, பண்ணினவங்கள்ல 27 சதவீதம் பேருக்கு அதுவரைக்கும் தெரியாத நெருங்கின சொந்தம் ஒண்ணு தெரிய வந்திருக்கு. நாலுல ஒருத்தர். நமக்கெல்லாம் அப்படி ஒண்ணும் இருக்காதுன்னுதான் எல்லாரும் நினைச்சுட்டு எச்சி துப்பறோம்.

இனி எங்க வீட்டுக் கதை. ரிவ்யூல எதுக்குக் கதைன்னு கேக்கலாம், ஆனா இதைச் சொல்லாம இந்தப் பொருளோட நல்லது கெட்டது ரெண்டையும் சொல்ல முடியாது. அப்பாகிட்டயும் பெரியத்தைகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

எங்களுக்கு பட்டுக்கோட்டைப் பக்கம். ரிசல்ட் வந்தப்ப லிஸ்ட்ல முதல் ஆளா ஒரு பேர், பேருன்னு கூட இல்லை, ரெண்டு எழுத்து மட்டும், போட்டோ கிடையாது, ஊர் மெல்போர்ன், குடும்பம் மலேசியாவுல கிள்ளான் பக்கம்னு ஒரு வரி. 694 சென்டிமார்கன். அப்பா பக்கத்து சொந்தம்னு போட்டிருந்துச்சு. அவங்களுக்கு அடுத்து இருந்த ஆள் 70ஐக் கூடத் தாண்டலை. அந்த நம்பரைத் தட்டினா என்னென்ன உறவா இருக்கலாம்னு சதவீதம் போட்டு ஒரு பட்டியல் வருது. முதல்ல பெரியப்பா அத்தை பிள்ளைங்க. எங்கப்பாவோட கூடப் பொறந்தது பெரியத்தை மட்டும்தான், அவங்க பிள்ளைங்க எல்லாரும் எங்க கண்ணு முன்னாடி வளந்தவங்க, அது இல்லை. அடுத்ததா போட்டிருந்தது, உங்கப்பாவுக்கு வேற ஒருத்தங்க மூலமா பொறந்த பிள்ளையோட பிள்ளை.

எங்கப்பா எண்பதுகள்ல சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை பாத்தவர். கிள்ளான் அங்கேர்ந்து ஒரு பஸ் தூரம். என் தம்பி மெட்ராஸ்ல இருக்கான், அவனுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், அவன் பாத்துட்டு அன்னைக்கு ராத்திரியே அம்மாகிட்ட சொல்லிட்டான். அவனுக்கும் தாங்கலை, யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணியிருக்கு, அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். அம்மா நாப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷி. சண்டை போடலை, அழலை. சோத்தைப் போட்டு வெச்சுட்டு பேசாம அடுப்படிக்குப் போயிடறாங்களாம். அப்பா என்கிட்ட போன்ல சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "பாப்பா, நான் அந்தப் பட்டறையை விட்டு வெளிய வந்தது ஞாயித்துக்கிழமை மட்டும்தான், அன்னைக்கும் துணி தொவைக்கத்தான் நேரம் இருந்துச்சு." எழுபத்தாறு வயசு மனுஷன் பெத்த பொண்ணுகிட்ட இப்படி ஒரு கணக்கு ஒப்பிக்க வேண்டி வந்துச்சே, அதை நினைச்சா இப்பவும் எனக்கு ஆறலை.

அந்த சைட்டுக்குள்ளயே மெசேஜ் அனுப்பலாம். ஆனா எதிராள் உள்ள வந்தாதான் பாப்பாங்க, வந்தாலும் பதில் போடணும்னு கட்டாயம் இல்லை. நிறைய பேர் கிட் கிஃப்டா வந்துச்சுன்னு ஒரு தடவை பாத்துட்டு அந்தப் பக்கமே வரமாட்டாங்க. எங்களுக்கு பதில் வர்ற வரைக்கும் வீடு அப்படியேதான் கிடந்துச்சு. வந்த பதில்ல ஒரே ஒரு வரிதான் எங்களுக்கு முக்கியம். பதில் போட்ட அந்த மெல்போர்ன் அக்காவோட அப்பா 1945ல, கிள்ளான் பக்கத்து ரப்பர் எஸ்டேட்ல பொறந்தவர். எங்கப்பா 1949. அண்ணன் வயசுல இருக்கறவரை எங்கப்பா எப்படிப் பெத்திருக்க முடியும்.

அப்ப எல்லாருக்கும் தாத்தா ஞாபகம் வந்துச்சு. தாத்தா 1937ல நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி பினாங்கு போனவர். அந்தக் காலத்துல தஞ்சாவூர் ஜில்லாவுல அது சாதாரணம், கங்காணி வருவான், ஊர்ல நாலு பேரைக் கூட்டிட்டுப் போவான். அடுத்த வருஷம், 1938ல, கூலியாட்களை டிக்கெட் போட்டுக் கூட்டிட்டுப் போறதை இந்திய சர்க்கார் நிறுத்திடுச்சு. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் மலாயாவுல இறங்கினதும் கப்பலும் நின்னு போச்சு, தபாலும் நின்னு போச்சு. தாத்தா ஊர் திரும்பினது 1946ல. அதுவரைக்கும் உசுரோட இருக்காரா இல்லையான்னே தெரியாதுன்னு அப்பாயி (எங்கப்பாவோட அம்மா) சொல்லிக் கேட்டிருக்கோம். அங்க அவருக்கு ஒரு குடும்பம் இருந்திருக்குன்னு இப்ப புரிஞ்சுது. அந்தக் காலத்துல மலாயா, பர்மா, சிலோன் போன எத்தனையோ பேர் வீட்டுல இது நடந்ததுதான், அம்மாவும் அன்னைக்கு அப்பாவோட பேச ஆரம்பிச்சாங்க.

ஆனா எனக்கு அந்த நம்பர் இடிச்சுகிட்டே இருந்துச்சு. தாத்தா ஒருத்தர், பாட்டி வேற வேறன்னா பேரப்பிள்ளைங்களுக்குள்ள சராசரி 449தான் இருக்கணும். 156லேர்ந்து 979 வரைக்கும் வர்றது உண்டுதான், இருந்தாலும் 694 ரொம்பவே மேல. அந்த அக்காகிட்ட அவங்க பாட்டி பேர் என்னன்னு கேட்டேன். வந்த பேர் எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். எங்கப்பாயியோட கூடப் பொறந்த தங்கச்சி. சின்ன அப்பாயி. மலாயாவுல சண்டை நேரத்துல காய்ச்சல் வந்து செத்துப் போயிட்டாங்கன்னு நாங்க எல்லாரும் கேட்டு வளந்தவங்க.

அப்பா பஸ் ஏறி ஒரத்தநாட்டுல இருக்கற பெரியத்தை வீட்டுக்குப் போனார். பெரியத்தைக்கு தொண்ணூறு, காது மந்தம், ஆனா ஞாபகம் துல்லியம். பேரைச் சொன்னதும் அவங்க ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலையாம், அப்புறம் எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லியிருக்காங்க. சின்ன அப்பாயி புருஷனும் அதே எஸ்டேட்ல பால் வெட்டினவர். 1943ல சயாமுக்கு (இப்ப தாய்லாந்து) ரயில் போடறதுக்கு ஜப்பான்காரன் லாரியில ஏத்திட்டுப் போனவர்தான், திரும்பி வரலை. ஊருக்குக் கப்பல் கிடையாது, அரிசி கிடையாது, தனியா நின்ன மச்சினிச்சிக்கு தாத்தாதான் துணை, பையன் பொறந்தான். கப்பல் விட்டதும் தாத்தா இங்க வந்துட்டார், அவங்க அங்கயே இருந்துட்டாங்க.

இதுல எங்க யாருக்கும் தெரியாத இன்னொரு விஷயம், அப்பாயிக்கு எல்லாம் தெரியும். ஐம்பதுகள்ல மலாயாவுலேர்ந்து காயிதம் வரும், எஸ்டேட் பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக் குடுத்தது. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா வயலுக்குப் போன நேரமாப் பாத்து பெரியத்தையை மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போய் படிக்கச் சொல்வாங்களாம், பதிலும் அவங்கதான் சொல்லச் சொல்ல எழுதியிருக்காங்க. முதல் பதில்ல அப்பாயி கேக்கச் சொன்னது, "பயலுக்கு காது குத்தியாச்சான்னு கேளு, தாய்மாமன் இல்லாம யார் மடியில உக்கார வெச்சா?" தங்கச்சியைத் திட்டி ஒரு வார்த்தை எழுதச் சொல்லலையாம். படிச்சு முடிச்சதும் காயிதம் அடுப்புக்குப் போயிடும். யார்கிட்டயும் சொன்னா என் மேல சத்தியம்னு கையில அடிச்சு வாங்கியிருக்காங்க. எங்க வீட்டுல ஆடி அமாவாசைக்கு செத்தவங்க எல்லாருக்கும் படைப்போம், சின்ன அப்பாயிக்கு மட்டும் அப்பாயி இலை போட விடமாட்டாங்க, கேட்டா எரிஞ்சு விழுவாங்க, ரெண்டு பேருக்கும் ஏதோ பழைய சண்டை போலன்னு நாங்க விட்டுட்டோம். உசுரோட இருக்கறவளுக்கு எப்படிடா படைக்கிறதுன்னு பெரியத்தை அப்பாகிட்ட கேட்டிருக்காங்க. சின்ன அப்பாயி கிள்ளான்ல 1988 வரைக்கும் இருந்திருக்காங்க.

அம்மாக்காரி போனதுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாமேன்னு அப்பா கேட்டதுக்கு, சொல்லணும்னுதான் இருந்தேன், உன் மூஞ்சைப் பாத்தா வாய் வரலைடான்னு சொல்லியிருக்காங்க. எழுபது வருஷம் அந்த ஒத்தை மனுஷி இதைச் சுமந்திருக்காங்க. எங்க குடும்பத்துல இப்ப நான் அதிகமா நினைக்கறது தாத்தாவைப் பத்தி இல்லை, பெரியத்தையைப் பத்தித்தான். பதினஞ்சு வயசுப் பொண்ணு கையில குடுக்கற சுமையா அது.

இப்ப கணக்கைப் பாருங்க. தாத்தா ஒருத்தர்ங்கறதால 449. பாட்டிங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிங்கறதால மேல ஒரு 229. கூட்டினா 678. ஸ்கிரீன்ல இருந்தது 694. நம்பர் தப்பே இல்லை. அதுக்குப் பக்கத்துல போட்ட உறவுப் பட்டியல்தான் எங்களுக்குப் பொருந்தாதது, ஏன்னா அந்தப் பட்டியல் போட்டவங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு வழியிலதான் சொந்தம் இருக்கும்னு எடுத்துக்கறாங்க.

நம்ம ஆளுங்க விஷயத்துல அந்த எண்ணம் அடியோட தப்பு. அக்கா மகளைக் கட்டறோம், மாமன் பொண்ணு அத்தை பொண்ணு கட்டறோம், ஒரே வீட்டுல பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்கறோம், அக்கா செத்தா தங்கச்சியைக் கட்டி வைக்கறோம். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேலயே தமிழ்நாட்டுல கால்வாசிக்கு மேல பொண்ணுங்க சொந்தத்துல கட்டினவங்கதான். ஒரு தலைமுறை இல்லை, பத்து தலைமுறையா இப்படி. அதனால ஒரே ஆள் உங்களுக்கு நாலு வழியில சொந்தமா இருப்பாரு, நாலு வழிப் பங்கும் ஒண்ணாச் சேந்து நம்பர் ஏறி நிக்கும், சைட் அதைப் பாத்துட்டு ஒரு தலைமுறை பக்கத்துல கொண்டு வந்து உறவு சொல்லும். தாத்தா காலத்து விஷயம் அப்பா தலையில வந்து விழுந்தது இப்படித்தான். அஷ்கெனாசி யூதருங்களுக்கு (ஐரோப்பாவுல தங்களுக்குள்ளயே கல்யாணம் பண்ணிட்டு வந்த சமூகம்) இதே சிக்கல் இருக்கறது இந்தக் கம்பெனிங்களுக்கு நல்லாவே தெரியும். உங்க வீட்டுல சொந்தத்துல கல்யாணம் பண்ற வழக்கம் உண்டான்னு பதிவு பண்றப்பவே ஒரு கேள்வி கேட்டு, ஆமான்னு சொல்றவங்களுக்கு அந்தப் பட்டியலுக்கு மேல ஒரு எச்சரிக்கை போட எவ்வளவு நேரம் ஆகும்? அம்மாவும் அப்பாவும் பேசாம இருந்த அந்த நாளெல்லாம் அந்த ஒரு வரி இருந்திருந்தா நடந்திருக்காது. இந்தக் குறைக்காக ஒரு ஸ்டார் முழுசா குறைக்கறேன்.

நீங்களே பாத்துக்க சில வழி இருக்கு. மொத்த நம்பரை மட்டும் பாக்காதீங்க, ஒத்துப்போற டிஎன்ஏ எத்தனை துண்டா இருக்கு, இருக்கறதுலயே நீளமான துண்டு எவ்வளவுன்னு பாருங்க. மொத்தம் பெருசா இருந்து துண்டெல்லாம் பொடிப்பொடியா இருந்தா பழைய சொந்தம் பல வழியில சேந்து நிக்குதுன்னு அர்த்தம். நீளமான துண்டு இருந்தா சமீபத்து சொந்தம். ஒரு ஆள் அப்பா பக்கம் அம்மா பக்கம் ரெண்டுலயும் வந்தா பயப்பட வேண்டாம், உங்கம்மா அப்பாவே சொந்தமா இருந்தா அப்படித்தான் வரும். எங்கம்மா அசல்லேர்ந்து வந்தவங்க, அதனால எங்களுக்கு அது தெளிவா பிரிஞ்சு வந்துச்சு. எந்தக் கம்பெனி டேட்டாவையும் ஏத்தி ஒப்பிடற ஜெட்மேட்ச்ங்கற சைட்ல உங்க அப்பா அம்மா சொந்தமான்னு காட்டற வசதி கூட இருக்கு, அதுல ஆமான்னு வந்தா நம்ம ஊர்ல அது ஒரு அதிசயமே இல்லை. பிறந்த வருஷத்தைக் கேக்காம எந்த முடிவுக்கும் போகாதீங்க. எல்லாத்துக்கும் மேல, உங்க குடும்பத்துல இருக்கறதுலயே மூத்தவங்க யாரோ, அவங்ககிட்ட எச்சி அனுப்பறதுக்கு முன்னாடியே உக்காந்து பேசுங்க. இப்படி ஒரு டெஸ்ட் பண்றேன், தெரியாத சொந்தம் எதுவும் வெளிய வரலாம், உங்களுக்கு சம்மதமான்னு கேளுங்க. நீங்க துப்பற எச்சியில பாதி அப்பாவோடது, கால்வாசி தாத்தாவோடது. அவங்க விஷயத்தையும் சேத்துத்தான் கம்பெனிக்கு அனுப்பறீங்க.

அப்ப வாங்கவே வேண்டாமான்னா, அப்படி இல்லவே இல்லை. அந்த சயாம் ரயில் 415 கிலோமீட்டர், 1942-43ல போட்டது. அதுல செத்த போர்க்கைதிகள்ல கிட்டத்தட்ட 7,000 பேருக்கு தாய்லாந்துல காஞ்சனபுரியில கல்லறை இருக்கு, பேர் போட்டு. அதே ரயில்ல மலாயா தமிழருங்க, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்கன்னு ஆசியத் தொழிலாளிங்க அதைவிடப் பல மடங்கு செத்திருக்காங்க, பெரும்பாலானவங்களுக்கு ஒரு பேர் கூட எழுதி வைக்கலை. சின்ன அப்பாயி புருஷன் அதுல ஒருத்தர். காயிதத்துல எழுதாத சனத்துக்கு ரத்தத்துல இருக்கறது மட்டும்தான் ஆதாரம்.

இன்னொரு பக்கம் பாருங்க, எழுபது எண்பதுகள்ல இலங்கையிலேர்ந்து சுமார் 11,000 குழந்தைங்களை ஐரோப்பாவுக்கு தத்து குடுத்திருக்காங்க. 2017ல ஜெம்ப்லாங்கற டச்சு டிவி நிகழ்ச்சி தோண்டினப்பதான், அதுல நிறைய பேருக்கு பிறப்புச் சான்றிதழே போலி, கோர்ட்டுல அம்மான்னு வந்து நின்னு கையெழுத்துப் போட்டவங்க காசுக்கு நடிச்சவங்கன்னு தெரிஞ்சுது. நெதர்லாந்து 2021 பிப்ரவரியில வெளிநாட்டு தத்தையே நிறுத்தி வெச்சாங்க. பெத்தவளைத் தேடிட்டு இருக்கற அந்தப் பிள்ளைங்களுக்கு கையில இருக்கற பேப்பரே பொய், இந்த எச்சிக் குழாய்தான் ஒரே வழி. அதே நெதர்லாந்துல கார்பாட்னு ஒரு குழந்தையின்மை டாக்டர், தானம் குடுத்தவங்களோடதுன்னு சொல்லி தன்னோட விந்தையே பயன்படுத்தியிருக்கார், அவர் செத்ததுக்கு அப்புறம் 2019ல டிஎன்ஏ மூலமா 49 பிள்ளைங்க உறுதியாச்சு. அவங்களுக்கு யாராவது ஒரு பெரியத்தை இருந்தா கேட்டிருப்பாங்க, அப்படி யாரும் கிடையாது.

பிரைவசி விஷயத்துல கண்ணை மூடிட்டு நம்பாதீங்க. 23அண்ட்மீங்கற டிஎன்ஏ டெஸ்ட் கம்பெனியில 2023ல சுமார் 69 லட்சம் பேரோட விவரம் திருட்டுப் போச்சு. 2025 மார்ச்ல அந்தக் கம்பெனி திவால் மனு போட்டு, கடைசியில அதைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான ஆன் வொஜிசிக்கியோட லாபநோக்கில்லாத அமைப்பே 305 மில்லியன் டாலருக்கு வாங்கினாங்க. கம்பெனி கைமாறினா உங்க எச்சிக் கணக்கும் சேந்துதான் கைமாறும். ஜெட்மேட்ச்ல ஏத்தறவங்க போலீஸ் தேடலுக்கு அனுமதி குடுக்கறீங்களா இல்லையான்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைப் படிச்சுட்டு டிக் பண்ணுங்க. 2018ல கலிபோர்னியாவுல பல வருஷமா பிடிபடாத கொலைகாரனைப் பிடிச்சதுல அந்த சைட்ல இருந்த தூரத்து சொந்தக்காரங்க விவரமும் உதவியிருக்கு. ரிசல்ட் வந்ததும் ரா டேட்டாவை (லேப் படிச்ச டிஎன்ஏ எழுத்தெல்லாம் இருக்கற ஃபைல்) டவுன்லோடு பண்ணி பத்திரமா வெச்சுகிட்டு, சாம்பிளை அழிக்கச் சொல்லிக் கேக்கலாம், நான் அப்படித்தான் பண்ணினேன். மத்தவங்க லிஸ்ட்ல நீங்க தெரிய வேண்டாம்னா அதை நிறுத்தி வைக்கவும் வசதி இருக்கு, முதல்ல நிறுத்தி வெச்சுட்டு வீட்டுல பேசி முடிச்சதுக்கு அப்புறம் ஆன் பண்றது உத்தமம்.

எங்க பெரியப்பாவுக்கு, அதாவது அந்த 1945ல பொறந்தவருக்கு, இப்ப எண்பது. அவரும் எங்கப்பாவும் வாட்ஸப்ல பேசிக்கறாங்க, பெரும்பாலும் சர்க்கரை மாத்திரை பத்தியும் முட்டி வலி பத்தியும்தான். பெரியத்தையும் அவரும் இன்னும் பேசலை. பெரியத்தை மாட்டேங்கறாங்க, நாங்களும் வற்புறுத்தலை.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார் குடுக்கறேன். லேப் வேலைக்கு முழு மார்க், உறவுப் பட்டியலுக்கு ஒரு ஸ்டார் கட், நம்ம ஊர் ஆளுங்களுக்கு உதவாத அந்த மேப்புக்கு அரை ஸ்டார் கட். சும்மா பொழுதுபோக்குக்கு, ஃப்ரெண்ட் வாங்கினான்னு நானும் வாங்கறேன்னு இருந்தா வாங்காதீங்க. தேட ஆள் இருக்கு, வீட்டுல சொல்லியாச்சுன்னா தாராளமா வாங்குங்க. விலை 99 டாலர்னு போட்டிருப்பாங்க, அந்த விலைக்கு வாங்காதீங்க, நவம்பர் கடைசியிலயும் மதர்ஸ் டேக்கும் பாதி விலைக்குப் பக்கமா வந்துடும். கூடவே மாச சந்தாவை நைசா கார்ட்ல சேத்து விடுவாங்க, அதை எடுத்துட்டு கிட்டுக்கு மட்டும் காசு கட்டுங்க, லிஸ்ட் பாக்கவும் மெசேஜ் அனுப்பவும் எனக்கு சந்தா தேவைப்படலை.